சுவரில் சாய்வாக ஓடும் விரிசல்... குற்றவாளி சுரங்கமா, வாசல் குழாயா? வடலூர் மண்ணுக்கு அடியில் நடப்பது என்ன?

"தாத்தா காலத்துல மூணு படி ஏறித்தான் வீட்டுக்குள்ள போவோம். இப்ப ஒரு படி இறங்கிப் போறோம். வீடு பூமிக்குள்ள இறங்கிடுச்சு!" வடலூர், குறிஞ்சிப்பாடி பக்கத்துப் பழைய தெருக்களில் இந்தப் பேச்சை சாதாரணமாகக் கேட்கலாம். தமிழ்நாட்டில் எந்த ஊர் பழைய தெருவிலும் கேட்கலாம். பெரும்பாலும் அங்கே இறங்கியது வீடு இல்லை, ஏறியது சாலை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, வாசற்படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்துவிட்டன. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தரும் ஹரியானா குழுக்களுக்கு இங்கே இவ்வளவு வேலை கிடைப்பதற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

இதற்கு நேர்மாறான கதை மெக்சிகோ நகரத்தில் இருக்கிறது. 1910-ல் அங்கே 'சுதந்திர தேவதை' என்ற நினைவுத் தூணைத் திறந்தபோது, அதன் பீடத்துக்கு 9 படிகள். பிறகு 14 படிகளைக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. தூண் ஆழமான பைல்களின் மேல் நின்றதால் அசையவில்லை. அதைச் சுற்றியிருந்த நகரம்தான் கீழே இறங்கிவிட்டது! காரணம், களிமண் ஏரிப்படுகை மேல் உட்கார்ந்திருக்கும் அந்த நகரம் பல பத்தாண்டுகளாகத் தன் காலுக்கு அடியிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் குடித்ததுதான். இன்றும் சில பகுதிகள் ஆண்டுக்குச் சுமார் அரை மீட்டர் இறங்குகின்றன.

தண்ணீரை எடுத்தால் ஊரே இறங்குமா? இந்தக் கேள்வி வடலூர்க்காரர்களுக்குப் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி நெய்வேலியில், இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டேதான் பழுப்பு நிலக்கரி வெட்டுகிறார்கள். சுவரில் ஒரு கீறல் விழுந்தாலே, 'சுரங்கத்தாலதான்' என்று ஒரு தரப்பும், 'மேஸ்திரி கட்டுன லட்சணம் அப்படி' என்று இன்னொரு தரப்பும் சொல்வது வழக்கம். கடன் வாங்கிக் கட்டிய வீடு என்றால் இது வெறும் வாக்குவாதம் இல்லை. யார் செலவு செய்வது, யாரிடம் கேட்பது, அந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கலாமா என்பதெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

எல்லா வீடும் இறங்கும்!

முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். கட்டிய எல்லா வீடும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நடவு வயலில் இறங்கியவர்களுக்கு இது தனியாகச் சொல்லாமலே புரியும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நின்றால், பாதத்தின் கீழே ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2 டன் என்ற விகிதத்தில் அழுத்தம் விழுகிறது. சேறு அதைத் தாங்காது, கெண்டைக்கால் வரை உள்ளே போகும். அதே ஆள் பரம்புப் பலகை மேல் ஏறி நின்றால் வயல் மேல் வழுக்கிக்கொண்டு போகிறார். எடை மாறவில்லை, அது பரவும் பரப்பு மாறிவிட்டது. கடைக்கால் செய்யும் வேலையும் இதுதான். சுவரும் பில்லரும் கொண்டுவந்து இறக்கும் எடையை, மண் தாங்கும் அளவுக்குப் பரப்பிக் கொடுப்பது.

மண் எவ்வளவு தாங்கும் என்பது மண்ணைப் பொறுத்தது. இளகிய களிமண் சதுர மீட்டருக்கு 5 டன் தாங்கவே திணறும். இறுகிய சரளைச் செம்மண் 20 டன்னைச் சாதாரணமாகத் தாங்கும். அந்த வகையில் வடலூர் கொடுத்து வைத்த ஊர். நெய்வேலி, வடலூர், பண்ருட்டி வட்டாரத்தின் செம்மண் மேடு, புவியியலாளர்கள் 'கடலூர் மணற்கல்' என்று பெயர் வைத்திருக்கும் படிவத்தைச் சேர்ந்தது. முந்திரியும் பலாவும் செழிக்கும் அதே மண். வள்ளலார் எழுப்பிய சத்திய ஞான சபை 1872 ஜனவரி 25-ம் தேதி முதல் இந்த மண்ணில்தான் நிற்கிறது. வானளாவும் கோபுரம் எதுவும் இல்லாமல், எண்கோண வடிவில் தாழ்வாகப் பரந்த கட்டடம். மண்ணுக்குச் சுமை குறைவு.

ஆனால், வடலூரிலிருந்து தெற்கே சேத்தியாத்தோப்பு, வீராணம் பக்கம் போகப் போக மண்ணின் குணம் மாறிவிடும். செம்மண் போய் வண்டலும் களியும் வரும். வடலூரில் ஒரு மேஸ்திரி நாலடி வானம் தோண்டி, 'இது போதும்' என்று சொல்வது சரியாகவே இருக்கலாம். அதே மேஸ்திரி அதே நாலடியை சேத்தியாத்தோப்பிலும் தோண்டினால் வம்பு. அனுபவம் பெரிய விஷயம்தான். ஆனால் அது எந்த மண்ணில் கிடைத்த அனுபவம் என்று கேட்க யாரும் யோசிப்பதில்லை.

சரி, இறங்குவது சகஜம் என்றால் எதுவரை சகஜம்? இந்தியத் தர நிர்ணய விதி இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. தனித்தனி புட்டிங் போட்ட கான்கிரீட் கட்டடம், மணல் அல்லது கெட்டியான களிமண்ணில் 50 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். இளகிய களிமண்ணில் 75 மில்லிமீட்டர் வரை அனுமதி உண்டு. கேட்டால் பயமாக இருக்கும், கிட்டத்தட்ட மூன்று அங்குலம்! ஆனால் அதே விதி, 4 மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு பில்லர்களுக்கு இடையே இறக்க வித்தியாசம் 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. வீடு முழுக்க ஒரே அளவாக இரண்டு அங்குலம் இறங்கினால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. வாசற்படியும் வெளியே போகும் குழாய்களும்தான் கொஞ்சம் சிரமப்படும். ஒரு மூலை மட்டும் கால் அங்குலம் அதிகமாக இறங்கினால் சுவர் கிழிந்துவிடும். வீட்டை உடைப்பது இறக்கம் இல்லை. ஏற்றத்தாழ்வான இறக்கம்தான்.

புது நான்குவழிச் சாலைகளில் பாலம் தொடங்கும் இடத்தில் பஸ் 'தடக்' என்று குதிக்கிறதே, அதுவும் இதே சங்கதிதான். பாலம் ஆழமான அடித்தளத்தில் நிற்கிறது, அசையாது. அதை ஒட்டிக் கொட்டிய மண்மேடு மட்டும் மெல்ல அமுங்குகிறது.

தண்ணீர் தாங்கும் சுமை

மண் எப்படி அமுங்குகிறது என்பதை முதன்முதலில் கணக்காக எழுதிக் காட்டியவர் கார்ல் டெர்சாகி. பிராக் நகரில் பிறந்து, இஸ்தான்புல்லில் பேராசிரியராக இருந்தபோது செய்த சோதனைகளை வைத்து 1925-ல் அவர் வெளியிட்ட புத்தகத்திலிருந்துதான் 'மண் இயந்திரவியல்' என்ற துறையே தொடங்குகிறது. அவர் சொன்னது எளிமையானது. ஈர மண்ணில் சுமையை மண் துகள்கள் மட்டும் தாங்குவதில்லை. துகள்களின் இடுக்கில் இருக்கும் தண்ணீரும் ஒரு பங்கைத் தாங்குகிறது. தண்ணீர் வெளியேறினால் அதன் பங்குச் சுமை துகள்களின் தலையில் விழும். துகள்கள் நெருங்கி உட்காரும். மேலே இருக்கும் தரை இறங்கும்.

மணலில் தண்ணீர் சட்டென்று ஓடிவிடும். அதனால் மணல் பூமியில் கட்டிய வீடு, பெரும்பாலும் கட்டி முடிப்பதற்குள்ளேயே இறங்க வேண்டியதை இறங்கிவிடும். களிமண்ணில் தண்ணீர் கசிந்து வெளியேற வருஷக்கணக்கில் ஆகும். களிமண் அடுக்கு இரண்டு மடங்கு தடிமனாக இருந்தால், அதற்கு ஆகும் காலம் நான்கு மடங்கு. 'பத்து வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப ஏன் விரிசல்?' என்று கேட்பவர்களுக்கான பதில்களில் ஒன்று இது.

இத்தாலியின் பைசா கோபுரம் இந்தத் தாமதத்தால்தான் பிழைத்தது என்றால் நம்ப முடிகிறதா? 1173-ல் தொடங்கிய வேலை சில மாடிகளோடு நின்று, கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. அந்த இடைவெளியில் அடியில் இருந்த களிமண் தண்ணீரைக் கசியவிட்டு இறுகியது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அது அப்போதே கவிழ்ந்திருக்கும் என்பதுதான் பொறியாளர்களின் கணக்கு. 1990-ல் ஆபத்து என்று கோபுரத்தை மூடியவர்கள், பிறகு எப்படிச் சரிசெய்தார்கள் தெரியுமா? சாய்ந்த பக்கத்தைத் தூக்கவில்லை. சாயாத பக்கத்து அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை உருவி எடுத்தார்கள். சாய்வு சுமார் அரை டிகிரி குறைந்தது. 2001-ல் மறுபடியும் திறந்துவிட்டார்கள்.

நெய்வேலியில் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு தவறான பயத்தைத் தள்ளி வைக்கலாம். 'அடியில நிலக்கரியை உருவிட்டாங்க, ஊரு பொந்து மேல நிக்குது' என்ற பேச்சு நெய்வேலிக்குப் பொருந்தாது. ஜார்க்கண்டின் ஜாரியாவில் அப்படி நடந்தது உண்மை. அங்கே பூமிக்குள் சுரங்கப்பாதை அமைத்து நிலக்கரி எடுத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அடியில் தீயும் எரிகிறது. மேலே தரை உள்வாங்குகிறது. நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண்ணை முழுக்க அகற்றிவிட்டுத்தான் கரியை வெட்டுகிறார்கள். வீடுகளுக்கு அடியில் சுரங்கப்பாதை கிடையாது.

ஆனால் தண்ணீர் விவகாரம் உண்மையானது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே இருக்கும் மணல் அடுக்கில், தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததுதான் நெய்வேலியின் கதைக்கே தொடக்கம். அன்றிலிருந்தே இங்கே கரியும் தண்ணீரும் ஒட்டிப் பிறந்தவை. 1956-ல் நெய்வேலி நிறுவனம் உருவாகி, 1957-ல் சுரங்க வேலை தொடங்கியபோதும் பெரிய சவால் இந்தத் தண்ணீர்தான். அழுத்தத்தைக் குறைக்காமல் மேலே தோண்டினால், சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் பொங்கிவிடும். அதனால்தான் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு நிறுத்தாமல் இறைக்கிறார்கள்.

டெர்சாகி சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். நிலத்தடி நீரின் அழுத்த மட்டம் ஒரு மீட்டர் குறைந்தால், அந்த ஆழத்தில் உள்ள மண் துகள்கள் மேல் சதுர மீட்டருக்கு ஒரு டன் சுமை கூடுகிறது. கட்டடக் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ ஒரு மாடியை ஏற்றி வைத்ததற்குச் சமம். 10 மீட்டர் குறைந்தால்? ஊர் முழுக்கப் பத்து மாடி!

அப்படியானால் வடலூரும் மெக்சிகோ மாதிரி ஆகிவிடுமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. மெக்சிகோவின் அடியில் இருப்பது பஞ்சு போன்ற ஏரிக் களிமண். நெய்வேலியின் அடியில் இருப்பது பெரும்பாலும் மணலும் மணற்கல்லும். இவை அமுங்குவது மிகக் குறைவு. நடுநடுவே வரும் களிமண் அடுக்குகள்தான் யோசிக்க வைப்பவை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆழத்திலிருந்து நீர் எடுப்பதால் வரும் இறக்கம் கிலோமீட்டர் கணக்கில் பரந்து விரியும். தாம்பாளத்தோடு சேர்த்து டம்ளர்களை இறக்கி வைப்பது போல ஊரே சேர்ந்து இறங்கும். ஒரு வீட்டின் ஒரு மூலையை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்காது. தெருவில் பத்து வீடு நன்றாக இருந்து ஒன்றில் மட்டும் விரிசல் என்றால், காரணத்தை அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

அதற்காக சுரங்கத்துக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இறுகிய மணற்கல்லை உடைக்க வெடி வைக்கும்போது அதிர்வு பரவும். அதற்காகவே சாதாரண வீடுகள் இருக்கும் இடத்தில் தரையின் அதிர்வு வேகம் எவ்வளவு இருக்கலாம் என்று சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் வரம்பு வைத்திருக்கிறது. மெதுவான அலைவு கொண்ட அதிர்வுக்கு அது விநாடிக்கு 5 மில்லிமீட்டர். வரம்பு இருக்கிறது என்றால் அளவீடும் இருக்க வேண்டும். சுரங்கத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் கேட்டு வாங்க வேண்டியது அந்த அளவீட்டுத் தாளைத்தான். தரை இறங்குகிறதா என்பதையும் இனி வாய்ப்பேச்சில் தீர்க்க வேண்டியதில்லை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய 'நிசார்' செயற்கைக்கோள், 12 நாளுக்கு ஒரு முறை அதே இடத்தின் மேல் வந்து, தரை சென்டிமீட்டர் அளவு அசைந்தாலும் ரேடாரில் பிடித்துவிடும்.

வீட்டைச் சுற்றி இருக்கும் சந்தேக நபர்கள்

வடலூர் மாதிரி நல்ல மண்ணிலும் வீடுகள் விரிசல் விடுவதற்கு, பெரும்பாலும் நாமே கொண்டுவந்து சேர்க்கும் காரணங்கள்தான். முதல் இடம், கொட்டி நிரப்பிய மனைக்கு. பள்ளத்தையோ பழைய குட்டையையோ லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கி, மேலே கிராவல் தூவி, கொடி நட்டு விற்றுவிடுகிறார்கள். மேலே பார்த்தால் அசல் செம்மண் மாதிரியே இருக்கும். அரை அடிக்கு ஓர் அடுக்காகத் தண்ணீர் விட்டு உருளையால் இறுக்கிக் கொட்டியிருந்தால் பிரச்னை இல்லை. அப்படி யார் செய்கிறார்கள்? தளர்வாகக் கொட்டிய மண் தன் எடையிலேயே பல வருஷம் அமுங்கிக்கொண்டிருக்கும். மனையில் பாதி பழைய மண், பாதி நிரப்பிய மண் என்றால் இன்னும் மோசம். வீட்டின் ஒரு பாதி நிற்கும், மறு பாதி இறங்கும்.

அடுத்தது தண்ணீர். ஆழத்துத் தண்ணீர் இல்லை, வாசல் தண்ணீர். கசியும் சம்ப், உடைந்த கழிவுநீர்க் குழாய், மாடியிலிருந்து நேராகச் சுவரோரம் கொட்டும் மழைநீர். மணற்பாங்கான செம்மண்ணில் இந்தக் கசிவு நுண்ணிய மண்ணை அரித்துக் கொண்டுபோய், கடைக்காலுக்கு அடியில் ஓட்டை விழச் செய்யும். களிமண் பூமியில் கதையே வேறு. அந்த மண் மழையில் ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கி வெடிக்கும். வீடும் வருஷா வருஷம் ஏறி இறங்கும். சுவரை ஒட்டி நிற்கும் பெரிய மரம் வேரால் ஈரத்தை உறிஞ்சினால், அந்தப் பக்கம் மட்டும் கூடுதலாகச் சுருங்கும். இப்படிப்பட்ட மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ் மாதிரி விரிந்த 'அண்டர் ரீம்டு' பைல்களை உருவாக்கியது. ஈரம் ஏறி இறங்காத ஆழத்தில் குமிழ் பதிந்துகொள்வதால், மேல்மண் ஆடினாலும் வீடு ஆடாது.

பிறகு, குடும்பத்தோடு சேர்ந்து வளரும் வீடுகள். அப்பா தரைத்தளத்துக்கு மட்டும் கடைக்கால் போட்டிருப்பார். மகன் மாடி எடுப்பார், பேரன் அதன் மேல் ஒரு ரூம் போடுவார். கடைக்காலிடம் யாரும் கேட்பதில்லை! பின்னால் ஒட்டுப்போட்ட போர்டிகோவும் வெளி மாடிப்படியும் இரண்டடி ஆழத்தில் நின்றுகொண்டு, நாலடி ஆழத்தில் நிற்கும் வீட்டிலிருந்து தனியே பிரிவதும் இதே ரகம். பக்கத்து மனையில் நம் கடைக்காலை விட ஆழமாகக் குழி தோண்டினால், நம் மண் அந்தப் பக்கம் நகரப் பார்க்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

விரிசலைப் படிப்பது எப்படி?

எல்லா விரிசலும் கடைக்கால் விரிசல் இல்லை. கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கையாக ஓடுவது, பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக இறங்குவது, இரண்டு வெவ்வேறு பொருள்களின் இணைப்பு விடுபடுவது. பூச்சில் மட்டும் வலைபோலப் பரவியிருப்பது பூச்சு வேலையின் கோளாறு. இவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது, ஜன்னல் அல்லது கதவு மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியே சாய்வாக ஓடுவது. ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் மெலிந்தும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். சுவரின் வெளிப்பக்கமும் அதே இடத்தில் தெரிகிறதா, கதவு திடீரென்று நிலையில் சிக்குகிறதா, தரையில் வைத்த கோலிக்குண்டு ஒரே பக்கம் உருள்கிறதா என்று பாருங்கள். ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அகலம், அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் கண்காணிக்கலாம். பென்சில் நுழைகிறது என்றால், மேஸ்திரியைத் தாண்டி ஒரு கட்டடப் பொறியாளரை உடனே கூப்பிட வேண்டும். 2010 மே 26-ல் காளஹஸ்தி கோயிலின் ராஜகோபுரம் இடிந்து விழுந்தது. 1516-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. விரிசல் பெரிதாவதைக் கவனித்து முன்கூட்டியே ஆட்களை அப்புறப்படுத்தியிருந்ததால், அவ்வளவு பெரிய கோபுரம் சரிந்தும் உயிர்ச்சேதம் இல்லை.

புதிதாகக் கட்டப் போகிறவர்களுக்கு மண் பரிசோதனை இருக்கிறது. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் உள்ளே இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவார்கள். 30 அடிக்கு மேல் வாங்கினால் மண் இறுக்கம், நாலைந்து அடியிலேயே சரசரவென இறங்கினால் உஷார். கிரகப்பிரவேச சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்காத குடும்பங்கள்கூட இந்தச் செலவை 'தேவையில்லை' என்று தள்ளிவிடுவதுதான் ஆச்சரியம்.

ஏற்கெனவே விரிசல் இருக்கும் வீட்டில் அதை உடனே பூசி மறைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் சாட்சியே அழிந்துவிடும். இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்திலேயே தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, தேதி தெரிய மாதம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பக்கத்து மனையில் குழி தோண்டுவதற்கு முன்பும், வெடி வைக்கும் எல்லை ஊரை நெருங்குவதற்கு முன்பும் வீடு முழுக்க இப்படி எடுத்து வைத்திருந்தால், பிறகு யாரிடம் போய் நின்றாலும் அதுதான் பேசும்.

ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் முழுதாகக் கடந்த பிறகுதான் படம் தெளியும். வடலூர்க்காரர்களுக்கு நாள் நினைவு வைத்துக்கொள்வது சுலபம், இந்தத் தைப்பூசத்திலிருந்து அடுத்த தைப்பூசம் வரை. கோடையில் விரிந்து மழையில் மூடிக்கொண்டால், மண் ஊதிச் சுருங்குகிறது என்று பொருள். மழைக்குப் பிறகு மட்டும் பெரிதானால் குழாயையும் மாடித் தண்ணீரையும் பாருங்கள். எல்லா மாதமும் ஒரே சீராக வளர்ந்தால் கடைக்கால் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, அடியில் கான்கிரீட் கொடுத்து முட்டுக்கட்ட வேண்டிவரலாம். வருஷம் முழுக்கக் கண்ணாடி உடையாமல் அப்படியே இருந்தால், இறங்க வேண்டியது இறங்கி முடிந்துவிட்டது. கீறலை நிரப்பி வெள்ளை அடித்துக்கொள்ளலாம்.